திறன்பேசி மாற்று இயங்குதளங்கள்

திறன்பேசியின் திரை, நினைவகம், படக்கருவி, அலைவாங்கி முதலிய வன்பொருள்களை நிருவகித்துச் செயலிகள் இயங்க இடமளிக்கும் அடிப்படை மென்பொருள் இயங்குதளம் எனப்படும். இன்று இந்தியாவில் விற்பனையாகும் திறன்பேசிகளில் ஏறத்தாழ அனைத்தும் கூகுள் சேவைகளோடு கூடிய ஆண்ட்ராய்டையோ ஆப்பிளின் ஐஓஎஸ்ஸையோ கொண்டிருக்க, இவ்விரண்டுக்கும் பதிலாக நிறுவத்தக்கவை மாற்று இயங்குதளங்கள் என்று வழங்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் தோன்றிய ஒன்றும் இவற்றுள் உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் (ஐஐடி) ஆதரவில் வளர்ந்து, 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட பாரோஸ் அது.

இவற்றைத் திரைத் தோற்றத்தையோ வசதிகளின் எண்ணிக்கையையோ வைத்து ஒப்பிடுவதால் பயன் குறைவு. புதுப்பிப்புகளை அனுப்புவது யார், கருவி தொடங்கும்போது மென்பொருளைச் சரிபார்க்கும் மறைத்திறவுகோல் யார் கையில் இருக்கிறது, செயலிகள் எந்தக் கடையிலிருந்து வருகின்றன என்னும் மூன்று கேள்விகளுக்கான விடைகளே ஓர் இயங்குதளம் எந்த அளவுக்கு மாற்றாக நிற்கிறது என்பதைக் காட்டுகின்றன.

இந்தியாவில் முன்வரலாறு

சென்னைக்கு மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006ஆம் ஆண்டு தொடங்கிய கைபேசி ஆலை, சில ஆண்டுகளிலேயே உலகின் பெரிய கைபேசி ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்து, பல்லாயிரம் இளைஞர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, வேலை தந்தது. ஆண்ட்ராய்டின் எழுச்சியைத் தாங்க இயலாத நோக்கியா, 2011 பிப்ரவரியில் தன் சிம்பியன் இயங்குதளத்தைக் கைவிட்டு மைக்ரோசாப்டின் விண்டோஸ் போனை ஏற்பதாக அறிவித்தது. அந்த மாற்றமும் கைகொடுக்காமல், 2014 ஏப்ரலில் கைபேசிப் பிரிவு மைக்ரோசாப்டிடம் சென்றபோது, வருமானவரி வழக்கில் சொத்துகள் முடக்கப்பட்டிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அவ்விற்பனையில் சேராமல் நின்றது. ஒப்பந்தப்படி அங்கிருந்து கைபேசிகளை வாங்கிவந்த மைக்ரோசாப்ட் கொள்முதலை நிறுத்தவே 2014 நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தி நின்றுபோயிற்று. வரி வழக்கும் சந்தைச் சரிவும் சேர்ந்து ஆலையை மூடின என்பது உண்மையே. ஆயினும் ஓர் இயங்குதளத்தின் தோல்வி தொலைவில் உள்ள ஓர் ஊரின் வேலைவாய்ப்பு வரை எட்டக்கூடும் என்பதற்குத் தமிழ்நாட்டில் இதைவிடக் கசப்பான சான்று இல்லை.

அதே ஆண்டுகளில் மலிவுவிலைத் திறன்பேசிகளுக்கான சோதனைக் களமாக இந்தியச் சந்தை விளங்கிற்று. மொசில்லாவின் பயர்பாக்ஸ் ஓஎஸ் கொண்ட இன்டெக்ஸ் கிளவுட் எப்எக்ஸ் 2014 ஆகஸ்டில் 1,999 ரூபாய்க்கு வந்தது. சாம்சங் தன் டைசன் இயங்குதளத்தின் முதல் திறன்பேசியான இசட்1ஐ 2015 ஜனவரியில் இந்தியாவிலேயே முதலில் 5,700 ரூபாய்க்கு விற்றது. நோக்கியாவிலிருந்து வெளியேறிய பொறியாளர்கள் பின்லாந்தில் தொடங்கிய யோலா நிறுவனத்தின் செயில்பிஷ், 2016இல் இன்டெக்ஸ் அக்வா பிஷ் என்ற கருவியில் இங்கு வந்தது. இவற்றுள் எதுவும் இந்தியச் சந்தையில் நிலைக்கவில்லை. செயலிகள் இல்லாததால் பயனர் வரவில்லை, பயனர் இல்லாததால் செயலிகளை எழுதுவோர் வரவில்லை என்பதே பெரும்பாலானவற்றின் வரலாறு.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மொசில்லா கைவிட்ட பயர்பாக்ஸ் ஓஎஸ்ஸின் மூலநிரலிலிருந்து கிளைத்த காய்ஓஎஸ், 2017இல் அறிவிக்கப்பட்ட ஜியோபோனில் ஏறி இந்திய வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது. 1,500 ரூபாய் வைப்புத்தொகையும் மலிவான இணையக் கட்டணமும் அதன் பரவலுக்கு முதற் காரணங்கள். எனினும் வாட்ஸ்அப் அதில் 2018இல்தான் கிடைத்தது. மக்கள் நாடும் ஒற்றைச் செயலிக்காக ஓர் இயங்குதளம் ஓராண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

ஆண்ட்ராய்டின் வழிவந்தவை

இன்றைய மாற்றுகளுள் பெரும்பாலானவை ஆண்ட்ராய்டின் உடலிலிருந்தே பிறந்தவை. ஆண்ட்ராய்டின் அடித்தளம் 2008 முதல் ஆண்ட்ராய்டு திறந்த மூலத் திட்டம் என்ற பெயரில் பொதுவில் கிடைக்கிறது. லினக்ஸ் கருவம் தவிர்த்த அதன் பெரும்பகுதி, எவரும் எடுத்து மாற்றி விற்க இடங்கொடுக்கும் அப்பாச்சி உரிமத்தின்கீழ் உள்ளது. பிளே ஸ்டோர், வரைபடம், அறிவிப்புகளைக் கொண்டுசேர்க்கும் பிளே சர்வீசஸ் ஆகியவை அடங்கிய மேலடுக்கோ கூகுளின் மூடிய உடைமை. கீழடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மேலடுக்கை வேறு வகையில் நிரப்புவதே இவ்வகை இயங்குதளங்களின் பொது இலக்கணம். கூகுள் 2025 மார்ச் முதல் இக்கீழடுக்கின் உருவாக்கப் பணியைத் தன் வளாகத்துக்குள் முடித்து, வெளியீட்டின்போது மட்டும் மூலநிரலைத் தருவதால், இவையனைத்தும் கூகுளின் காலஅட்டவணையை முன்னைவிட அதிகமாகச் சார்ந்துள்ளன.

பாரோஸ், ஐஐடியின் பிரவர்த்தக் தொழில்நுட்ப அறக்கட்டளை பேணி வளர்த்த ஜேஅண்ட்கே ஆப்பரேஷன்ஸ் என்னும் தொடக்க நிறுவனத்தின் ஆக்கம். 2023 ஜனவரி 19ஆம் நாள் ஐஐடி இயக்குநர் வி. காமகோடி இதை அறிவித்தார். ஐந்து நாள்களில் ஒன்றிய அமைச்சர்கள் தர்மேந்திர பிரதானும் அஸ்வினி வைஷ்ணவும் இதைச் சோதித்துப் பார்த்தனர். முன்னிறுவிய செயலிகள் எவையும் இல்லாமை, அமைப்புகள் தத்தம் பணியாளர்களுக்குத் தேர்ந்தளிக்கும் தனிச் செயலிக் கடை, கருவிக்குத் தானாக வந்துசேரும் புதுப்பிப்பு ஆகியவை இதன் அடையாளங்களாகச் சொல்லப்பட்டன. இரகசியத் தகவல்களைக் கையாளும் அமைப்புகளே இதன் முதல் இலக்கு என்பது அறிவிப்பிலேயே தெளிவாகக் கூறப்பட்டிருந்தும், செய்தித்தாள்கள் இதை ஆண்ட்ராய்டின் எதிரியாக எழுதியது இதன் மேல் பொருந்தாத எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டது. முன் கூறிய மூன்று கேள்விகளை வைத்துப் பார்த்தால், புதுப்பிப்பையும் கடையையும் உள்நாட்டு அமைப்பின் கைக்குக் கொண்டுவருவதே பாரோஸின் உண்மையான பங்களிப்பு. நிரலின் அடித்தளம் ஆண்ட்ராய்டு திறந்த மூலத் திட்டத்தினுடையதே. இதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. ஒன்றிய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் 2007இல் டெபியன் லினக்ஸிலிருந்து பாஸ் என்னும் கணினி இயங்குதளத்தை உருவாக்கியபோதும் இதே முறைதான் கையாளப்பட்டது. பிறர் எழுதிய கட்டற்ற நிரலின்மேல் கட்டுவது மென்பொருள் உலகின் இயல்பான வழி. மாற்றிய நிரலைப் பொதுவில் வைத்துப் பிறர் ஆய்வுக்கு உட்படுத்துகிறார்களா என்பதில்தான் நம்பகம் அடங்கியிருக்கிறது.

தன்னார்வலர் மரபில் முதன்மையானது, 2016 இறுதியில் சயனோஜென்மாட் என்னும் ஆண்ட்ராய்டு வழித்தோன்றல் முடிவுக்கு வந்தபோது அதன் தொடர்ச்சியாக எழுந்த லினியேஜ்ஓஎஸ். உற்பத்தியாளர் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட பழைய கருவிகளுக்கு உயிர்நீட்டிப்புத் தருவது இதன் பெருஞ்சிறப்பு. இது பல கருவி மாதிரிகளை ஆதரிக்கிறது. ஆனால் இதை நிறுவ, கருவி தொடங்கும்போது எந்த மென்பொருளை ஏற்பது என்று முடிவு செய்யும் பூட்லோடர் என்ற சிறு நிரலின் பூட்டைத் திறக்கவேண்டும். பெரும்பாலான மாதிரிகளில் அப்பூட்டை மீண்டும் போட இயலாமையால், கருவி பிறர் கையில் சிக்கினால் பாதுகாப்புக் குறைகிறது. இக்குறையை நீக்கியதே கிராபீன்ஓஎஸ். கூகுளின் பிக்சல் கருவிகளை மட்டும் ஆதரிக்கும் இது, தன் சொந்தத் திறவுகோலால் பூட்லோடரை மீண்டும் பூட்டுகிறது. பிளே சர்வீசஸ் வேண்டுவோருக்கு அதைச் சிறப்பு அதிகாரம் எதுவுமின்றிச் சாதாரணச் செயலியாக அடைத்து வைத்து இயக்குகிறது. கூகுளிடமிருந்து விலக விரும்புவோர் கூகுள் செய்த கருவியையே வாங்கவேண்டியிருப்பது முரணாகத் தோன்றினும், அந்தப் பூட்டை உரிமையாளரிடம் ஒப்படைக்கும் உற்பத்தியாளர்கள் மிகச் சிலரே என்பதுதான் காரணம். மாண்ட்ரேக் லினக்ஸை உருவாக்கிய பிரெஞ்சு நாட்டு கயேல் துவால் தொடங்கிய ஈ ஓஎஸ், பிளே சர்வீசஸுக்குப் பதிலாக மைக்ரோஜி என்னும் கட்டற்ற மாற்றை வைத்து, பொதுப் பயனர் எளிதில் கையாளும் வகையில் அமைந்துள்ளது.

தூய லினக்ஸ் வழி

கணினி லினக்ஸையே திறன்பேசிக்குக் கொண்டுவரும் முயற்சிகளுள் உபுண்டு டச்சும் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸும் குறிப்பிடத்தக்கவை. முன்னதை கனோனிக்கல் நிறுவனம் 2017இல் கைவிட, யுபிபோர்ட்ஸ் தன்னார்வலர்கள் தொடர்கின்றனர். பின்னது ஒரு கருவியைப் பத்தாண்டு பயன்படுத்தச் செய்வதையே குறிக்கோளாகக் கொண்டது. கொள்கையளவில் இவையே ஆண்ட்ராய்டிலிருந்து மிகவும் விலகியவை. இந்தியாவில் இவற்றின் முதன்மைத் தடை செயலியன்று, குரல் அழைப்பு. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி வலையமைப்புகள் இல்லாமையால், 4ஜியின்மேல் பேச்சை அனுப்பும் வோல்டிஇ தொழில்நுட்பம் இயங்காத கருவியில் ஜியோ இணைப்பு இருந்தும் பேச முடியாது. இவ்வியங்குதளங்களிலோ வோல்டிஇ ஆதரவு மாதிரிக்கு மாதிரி வேறுபடுகிறது.

எவ்வழியைத் தேர்ந்தாலும் தொடப்படாத ஓர் அடுக்கு எஞ்சுகிறது. கோபுரத்தோடு பேசும் மோடம் சில்லு தனக்கெனத் தனி மூடிய மென்பொருளைக் கொண்டது. இங்குப் பேசப்பட்ட இயங்குதளங்களுள் எதுவும் அதை மாற்றுவதில்லை. ஐஐடியில் காமகோடி குழுவினர் ஆர்ஐஎஸ்சி-வி என்ற திறந்த வடிவமைப்பில் உருவாக்கிவரும் சக்தி சில்லுகள் மோடங்கள் அல்ல எனினும், வன்பொருள் அடுக்கையும் திறக்க முயலும் இத்தகைய பணியின் முக்கியத்துவம் இவ்விடத்தில்தான் விளங்கும்.

தமிழ் ஆதரவு

தொடக்க கால ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்துகள் கட்டங்களாகத் தெரிந்தன. 2011இல் வந்த 4.0 பதிப்பில் எழுத்துரு ஆதரவும், 2014இல் வந்த 5.0 பதிப்பில் தமிழ் இடைமுகமும் சேர்ந்தன. இவை திறந்த அடுக்கிலேயே இருப்பதால் லினியேஜ், கிராபீன், பாரோஸ் போன்ற வழித்தோன்றல்கள் தமிழைப் பிழையின்றிக் காட்டும் திறத்தை இயல்பாகப் பெறுகின்றன. தமிழ்நாட்டரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைக் கட்டற்ற விசைப்பலகைச் செயலிகள் வழியாக நிறுவிக்கொள்ளலாம். இழப்பு வேறிடத்தில் நேர்கிறது: தமிழில் பேசினால் எழுதித்தரும் வசதி கூகுளின் மூடிய அடுக்கைச் சேர்ந்ததாகையால் உடன் வருவதில்லை. எழுதப் பழகாத முதியோருக்கும் பார்வைக் குறையுடையோருக்கும் இது பேரிழப்பு. ஐஐடியின் ஏஐ4பாரத் ஆய்வுக்குழு இந்திய மொழிகளுக்குத் திறந்த பேச்சறி மாதிரிகளை வெளியிட்டிருக்க, அவற்றை இதே வளாகத்தோடு தொடர்புடைய பாரோஸில் இணைப்பது, வேறெந்த வசதியையும்விட முதலில் செய்யத்தக்கது.

பணப்பரிமாற்றமும் சட்டமும்

சென்னைப் புறநகர்க் காய்கறிக் கடைகள் வரை யுபிஐ பணப்பரிமாற்றம் வேரூன்றிவிட்ட நிலையில், மாற்று இயங்குதளத்தின் தலைவிதியை வங்கிச் செயலிகளே முடிவு செய்கின்றன. இயங்குதளம் கூகுள் சான்று பெற்றதா என்பதை பிளே இன்டெக்ரிட்டி என்ற சேவையிடம் கேட்டறியும் செயலிகள், சான்று இல்லையெனில் இயங்க மறுக்கலாம். பூட்டிய கிராபீன் கருவி, பல ஆண்டுகளாகப் புதுப்பிப்பே காணாத சான்றுபெற்ற கருவியைவிடப் பாதுகாப்பானதாக இருந்தும் இச்சோதனையில் முழுமையாகத் தேறுவதில்லை. எனவே இது பாதுகாப்புச் சோதனை என்பதைவிட உரிமச் சோதனை என்றே கொள்ளத்தக்கது. செயலியின்றி, தானியங்கிக் குரலழைப்பு வழியாகப் பணம் அனுப்ப 2022 மார்ச்சில் தொடங்கிய யுபிஐ 123பே உதவும்.

இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தபோது, ஆண்ட்ராய்டின் கிளை வடிவங்களைக் கொண்ட கருவிகளை உற்பத்தியாளர்கள் விற்காதபடி தடுத்த ஒப்பந்தங்களையும் குறைகூறியது. அவ்வாணையை நிறுத்திவைக்க உச்ச நீதிமன்றம் மறுத்த நாளும் பாரோஸ் அறிவிக்கப்பட்ட நாளும் ஒன்றே. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் தண்டத்தை உறுதிசெய்து, நெறியாணைகளுள் சிலவற்றை நீக்கியது. உற்பத்தியாளர்களின் கை இவ்வழக்கால் ஓரளவு அவிழ்ந்திருக்கிறது. வாங்கியவரின் கை இன்னும் அவிழவில்லை. பூட்லோடரைத் திறக்கவும் மீண்டும் பூட்டவும் உரிமையாளருக்கு உரிமையளிக்கும் விதியும், கூகுள் சான்றையே ஒரே அளவுகோலாகக் கொள்ளாதிருக்குமாறு வங்கிகளுக்கு நெறிமுறையும் வராதவரை, மாற்று இயங்குதளம் அமைப்புகளுக்கும் ஆர்வலர்களுக்கும் உரியதாகவே இருக்கும். நிறுவ எண்ணும் வாசகர், தம் மாதிரி எண் அந்தத் திட்டத்தின் பட்டியலில் உள்ளதா, அதில் வோல்டிஇ இயங்குகிறதா என்பவற்றை அறிந்துகொண்டு, தம் வங்கியின் செயலி திறக்கிறதா என்பதை, பூட்லோடரைத் திறக்கும்போது கருவியிலுள்ள தரவு முழுதும் அழிந்துவிடும் என்பதால், கைவிட்ட பழைய கருவி ஒன்றில் முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது.