அகத்திணை: காதலின் ஏழு வகைகள்

தொல்காப்பியம் காதலை ஏழாகப் பிரிக்கிறது: ஒருதலையான கைக்கிளை, ஒத்த அன்பின் ஐந்திணை, பொருந்தாத பெருந்திணை. இப்பகுப்பின் அளவுகோல் உணர்ச்சியின் வேகமன்று, இருவருக்கிடையே உள்ள உறவின் நிலை. ஐந்திணைக்குரிய கூடல், பிரிவு, காத்திருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய ஐந்தும் ஒரே இணையின் வாழ்வில் மாறிமாறி வரக்கூடியவை. ஐங்குறுநூறு இவற்றுக்கு ஐந்து புலவர் பாடிய நூறு நூறு பாடல்களை ஒதுக்கியது. கைக்கிளைக்கும் பெருந்திணைக்கும் அத்தகைய இடம் கிடைக்கவில்லை, ஐந்திணைக்கு உள்ளதுபோல் நிலமும் இல்லை. புறநானூற்றின் 83 முதல் 85 வரையிலான பாடல்களில் பெண்பாற் புலவர் நக்கண்ணையார் சோழன் பெருநற்கிள்ளி மீது கொண்ட காதலைச் சொல்கிறார். உணர்ச்சியில் எந்த அகப்பாடலுக்கும் குறையாதவை அவை. ஆயினும் காதல் ஒருதலையானது, காதலன் பெயர் சுட்டப்பட்டவன். ஆகவே அவை அகத்தில் சேராமல் அதன் மறுபக்கமான புறத்தில் நின்றன. பிற்காலப் புறப்பொருள் வெண்பாமாலை கைக்கிளை, பெருந்திணை இரண்டையுமே புறத்தோடு சேர்த்துவிட்டது.

தாயன்பும் நட்பும் இதில் இல்லையே என்று கேட்கலாம். வகைகளாக இல்லை என்பது உண்மை. ஆனால் மகள் காதலனுடன் போனபின் புலம்பும் தாயும், தலைவிக்காகத் தலைவனிடம் வாதாடும் தோழியும் அகப்பாடல்களில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். மானுடக் காதலுக்கு மட்டுமே இப்பகுப்பு பொருந்தும் என்பது அதைவிட வலுவற்ற மறுப்பு. மாணிக்கவாசகர் திருக்கோவையாரின் 400 பாடல்களிலும், நம்மாழ்வார் திருவிருத்தத்திலும் இறைக்காதலைப் பாட இதே துறைகளையே எடுத்துக்கொண்டனர். கடுமையாகத் தோன்றும் இலக்கணம் இவ்வளவு நெகிழ்ந்தது, அது மனிதரை அன்றி உறவின் நிலைகளை வகுத்ததால்தான்.