சம்தி (ஆல்பம்)

சம்தி, அமெரிக்க ஜாஸ் சாக்சஃபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவின் சொந்த இசையமைப்புகள் அடங்கிய ஆல்பம். ஜெர்மனியின் ஆக்ட் நிறுவனம் இதை 2011-ல் வெளியிட்டது. ஃபங்க் இசையின் தாளக்கட்டோடு கர்நாடக இசையின் லயக் கணக்கையும் கணினி ஒலிகளையும் சேர்த்து உருவான படைப்பு இது.

பின்னணி

கர்நாடகத்தைப் பூர்விகமாகக் கொண்ட பெற்றோருக்கு 1971-ல் இத்தாலியில் பிறந்த மகந்தப்பா, அமெரிக்காவின் கொலராடோவில் வளர்ந்தார். குரோவர் வாஷிங்டன் ஜூனியர், பிரெக்கர் பிரதர்ஸ், யெல்லோஜாக்கெட்ஸ் ஆகியோரின் ஃபங்க் கலந்த ஜாஸ்தான் அவருடைய சிறுவயதுக் கேள்விஞானம். பாஸ்டனின் பெர்க்லி கல்லூரியில் படித்த நாட்களில், சகோதரர் வேடிக்கையாகக் கொடுத்த ஓர் ஆல்பத்தின் வழியே, சாக்சஃபோனில் கர்நாடக இசை வாசிக்கும் கத்ரி கோபால்நாத் அவருக்கு அறிமுகமானார்.

நாகசுரக் கலைஞரின் மகனான கத்ரி, மைசூர் அரண்மனை பேண்டில் சாக்சஃபோனைக் கண்டு அதைக் கையில் எடுத்தவர், சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றவர். 'டூயட்' (1994) படத்தில் ஒலித்த அவரது வாசிப்பு தமிழகத்தின் பட்டிதொட்டியெல்லாம் எட்டியது. சாவிகளை அழுத்தி வாசிக்கும் கருவியில் கமகம் (ஸ்வரங்களை அசைத்தும் வளைத்தும் இசைப்பது) பிடிபடாது என்ற எண்ணத்தை அவர் மாற்றிக்காட்டினார். இருவரும் இணைந்து வாசித்த 'கின்ஸ்மென்' 2008-ல் வெளிவந்தது. அதில் வயலின் அ. கன்யாகுமரி, மிருதங்கம் பூவாளூர் ஸ்ரீஜி.

உருவாக்கம்

2007-ல் மகந்தப்பாவுக்குக் குகன்ஹைம் நல்கை கிடைத்தது. அதன் துணையோடு தென்னிந்திய இசையை ஆராய்ந்ததன் விளைவே இந்த ஆல்பம். மகந்தப்பா ஆல்டோ சாக்சஃபோனோடு மடிக்கணினியையும் இயக்கினார். டேவிட் கில்மோர் கிட்டாரும், ரிச் பிரவுன் எலெக்ட்ரிக் பேஸும், டேமியன் ரீட் டிரம்ஸும் வாசித்தனர். மிருதங்கமும் கஞ்சிராவும் வாசித்தவர், மிருதங்கக் கலைஞர் பாலக்காடு ரகுவின் பேரன் அனந்த கிருஷ்ணன்.

இசையமைப்பு

ஃபங்க் இசையில் ஆவர்த்தனத்தின் முதல் அடிக்கு அழுத்தம் அதிகம். பேஸும் டிரம்ஸும் அங்கே ஒன்றாக விழும். கர்நாடக இசையின் தீர்மானமும் ஒரே சொற்கட்டை மூன்று முறை வாசித்து, குறித்த இடத்தில் சரியாக வந்து சேர்வதுதான். இரண்டு மரபுக்கும் இந்த 'வந்து சேரும் இடம்' பொது. 'கின்ஸ்மென்' ஆல்பத்தில் இரு மரபினர் எதிரெதிரே அமர்ந்து உரையாடினர். 'சம்தி'யிலோ லயக் கணக்கு இசையமைப்பின் எலும்புக்கூடாகவே ஆகிவிட்டது. 'மீட்டிங் ஆஃப் த ஸ்கின்ஸ்' என்ற பகுதி மிருதங்கமும் டிரம்ஸும் மோதும் தனி ஆவர்த்தனம். 'பராக்ரம்' என்ற தலைப்பில் இரண்டு பகுதிகள் உள்ளன.

சமகாலச் சூழல்

கர்நாடக இசையையும் மேற்கத்திய இசையையும் இணைக்கும் இத்தகைய முயற்சிகள் தமிழகக் கடற்கரையிலும் நடந்தன. இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே செய்யூர் வட்டாரத்தில், 2010-ல் சுவர்ணபூமி இசைக் கழகம் தொடங்கியது. கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்கும் பிரசன்னா அதன் தலைவரானார். ஜாஸ், ராக், ஃபங்க் ஆகியவற்றோடு கர்நாடக லயமும் அங்கே பாடமானது.

பிந்தைய பணிகள்

2013-ல் வந்த 'கமக்' ஆல்பத்தில் மகந்தப்பா மிருதங்கத்தைச் சேர்க்கவில்லை. டேவிட் ஃபியூசின்ஸ்கியின் கிட்டாரோடு பேஸ், டிரம்ஸ் ஆகியவற்றை மட்டும் சேர்த்துக்கொண்டார். 'கின்ஸ்மென்' ஆல்பத்தில் அவரோடு வாசித்த கத்ரி 2019 அக்டோபரில் காலமானார்.