நீர்மூழ்கிக் கப்பலும் மின்கலமும்



கடல்மேல் செல்லும் கப்பலுக்குக் காற்றுக்குப் பஞ்சமில்லை; எண்ணெயை எரித்து இயந்திரத்தை ஓட்டலாம். நீருக்குள் மூழ்கிய கப்பல் என்ன செய்யும்? உள்ளிருக்கும் காற்றை இயந்திரத்துக்குக் கொடுத்தால் மாலுமிகளுக்கு மூச்சுவிட வழியில்லை. ஆகவே காற்றை உண்ணாத ஒரு சக்தி வேண்டியிருந்தது. அதனை அளித்தது சேமிப்பு மின்கலம். பேச்சு வழக்கில் பாட்டரி என்கிறோமே, அதுதான்.

1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே, ஈயத் தகடுகளைக் கந்தகத் திராவகத்தில் அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் மின்சாரம் ஏற்றக்கூடிய மின்கலத்தை அமைத்தார். 1888இல் ஸ்பெயின் நாட்டுக் கடற்படை அதிகாரி ஐசக் பெரால், மின்கலங்களைக் கொண்டே இயங்கும் நீர்மூழ்கியைக் கடலில் இறக்கினார். மின்சாரம் தீர்ந்தால் அது கரைக்குத் திரும்பியாக வேண்டும். 1900இல் அமெரிக்கக் கடற்படை வாங்கிய ஜான் ஹாலந்தின் கப்பலில் இக்குறை நீங்கியது: மேலே மிதக்கையில் பெட்ரோல் இயந்திரம், மூழ்குகையில் மின் மோட்டார். ஹாலந்தின் முயற்சியைத் தம் வசமாக்கிக்கொண்டு 1899இல் எலெக்ட்ரிக் போட் கம்பெனியை நிறுவிய ஐசக் ரைஸ், மின்கலத் தொழிலில் முன்பே ஓங்கியவர். கப்பல் தொழிலும் மின்கலத் தொழிலும் அன்றே கைகோத்துக்கொண்டன.

ஆனால் ஓர் ஆபத்து இருந்தது. திராவகத்தில் கடல்நீர் கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். இதற்கு மாற்றாக எடிசன் திராவகமில்லாத மின்கலத்தை அளித்தார். 1916 ஜனவரி 15ஆம் நாள், நியூயார்க் கடற்படைத் துறையில் நின்றிருந்த ‘இ-2’ கப்பலில் அம்மின்கலங்களினின்று கிளம்பிய ஹைட்ரஜன் வெடித்துச் சிலர் மாண்டனர். ஈயமே நிலைத்தது.

ஜெர்மனியின் ஹாகன் நகரத்து மின்கலத் தொழிற்சாலை இரு உலகப் போர்களிலும் நீர்மூழ்கிகளுக்கு உயிரூட்டியது. இரண்டாம் போரில் பெருவாரியாகக் கட்டப்பட்ட ஏழாம் வகை நீர்மூழ்கியில் 124 மின்கலங்கள் இருந்தன. பின்னர் வந்த இருபத்தொன்றாம் வகையில் 372. நீருக்கடியில் ஏழரை நாட்டாக இருந்த வேகம் பதினேழாக உயர்ந்தது. இந்தச் சாதனையின் மறுபுறத்தையும் நீங்கள் அறியவேண்டும். 1943இல் அதே நிறுவனத்தின் ஹானோவர் தொழிற்சாலையை ஒட்டி வதைமுகாம் ஒன்று அமைந்தது. அங்கே கைதிகள் ஈயத் தூசிக்கும் திராவக ஆவிக்கும் நடுவே வதைபட்டு உழைத்தனர், பலர் மாண்டனர். 1944 டிசம்பரில் பிரிட்டிஷ் விமானங்கள் ஹாகன் தொழிற்சாலையைத் தகர்த்தன. போர் முடியுமுன் புதிய வகைக் கப்பல்களில் இரண்டொன்றே போர்ப் பயணம் புறப்பட்டன.

2017 நவம்பரில் அர்ஜென்டினாவின் ‘சான் ஹுவான்’ கப்பலில் காற்றுக் குழாய்வழி கடல்நீர் புகுந்து மின்கலப் பகுதியில் கோளாறு நேர்ந்தது; பின்னர் 44 பேருடன் அக்கப்பல் ஆழத்தில் மறைந்தது. 2020 மார்ச்சில் ஜப்பான், ஜிஎஸ் யுவாசா கம்பெனியின் லித்தியம் மின்கலங்களைக் கொண்ட ‘ஓரியு’ என்னும் நீர்மூழ்கியைப் படையில் சேர்த்தது. ஈயத்தின் நெடிய ஆட்சிக்கு அது ஒரு சவாலாகும்.

சரித்திரம் கற்பித்த நாளில் என் மாணவர்களுக்கு நான் வற்புறுத்தியது ஒன்றுண்டு: தளபதிகளின் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். தகடு வார்த்த கைகள் எவை, அவை விரும்பி உழைத்தனவா, விலங்கிடப்பட்டு உழைத்தனவா என்றும் கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்கப் பழகியவனே சரித்திரத்தை உண்மையில் கற்றவன்.