தீப்பொறிக்கு நேரம் சொன்னவர்கள்

தோட்டத்துக் கங்காணிகளைப் பற்றியும் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றியும் தமிழில் நிறைய எழுதியிருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து பட்டணத்திற்கு நம்மவர்களைச் சுமந்து சென்ற கப்சாய் மோட்டார் சைக்கிளைப் பற்றித் தமிழில் எழுதியவற்றை நான் அதிகம் கண்டதில்லை. அதிலும் அந்த மோட்டாரின் வயிற்றுக்குள் கட்டைவிரல் அளவில் ஒளிந்திருக்கும் ஓர் உறுப்பைப் பற்றி யார் எழுதப் போகிறார்கள்? பட்டறைகளில் அதற்குப் பல்சர் காயில் என்று பெயர். பாடநூல் தமிழில் சொன்னால் அது ஓர் உணரி. அதன் வரலாற்றை இங்கு எழுத விரும்புகிறேன். பெற்றோர் ஒருவரின் பணமும் பிள்ளைகளின் பள்ளி வருகையும் இந்தச் சின்னஞ்சிறு பொருளால் பட்ட பாட்டை அண்மையில் அருகிலிருந்து பார்த்ததே அதற்குக் காரணம்.

முதலில் ஒரு கணக்கு. இயந்திரம் நிமிடத்திற்கு 6,000 சுற்றுகள் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வினாடிக்கு 100 சுற்று. நான்கு வீச்சு இயந்திரத்தில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிதல் நிகழ வேண்டும். ஆகவே வினாடிக்கு 50 முறை, பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பாக, தீப்பொறி பாய வேண்டும். சற்று முந்தினால் இயந்திரம் தட்டும், பிந்தினால் வலுவின்றி இழுக்கும், வராவிட்டால் நின்றுவிடும். சரியான கணம் இது என்று யார் சொல்வது? மோட்டார் சைக்கிளின் வரலாற்றில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாறுதான் என்பது என் எண்ணம்.

1885ஆம் ஆண்டு ஜெர்மனியின் கான்ஸ்டாட் நகரில் கோட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் மரச்சட்டத்தில் ஓர் இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டினார்கள். அதில் நேரம் சொல்லும் உறுப்பு எதுவும் இல்லை. வெளியே ஒரு சுடரால் பழுக்கக் காய்ச்சப்பட்ட சிறு குழாய் இருந்தது. பிஸ்டன் அழுத்தும்போது எரிகலவை அந்தக் குழாய்க்குள் புகுந்து தானாகப் பற்றிக்கொள்ளும். அந்த இயந்திரத்தின் வேகம் நிமிடத்திற்குச் சுமார் 600 சுற்று என்பதால் இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. வேகம் கூடக்கூட அது தாக்குப்பிடிக்காது.

ராபர்ட் போஷ் 1887இல் காந்தத்தைக் கொண்டு தீப்பொறி உண்டாக்கும் கருவியை நிலையான இயந்திரங்களுக்குச் செய்து கொடுத்தார். 1897இல் அதை ஒரு மூன்று சக்கர வண்டியின் வேகமான இயந்திரத்திற்கு ஏற்றவாறு மாற்றியமைத்தார்கள். 1902இல் அவருடைய நிறுவனத்தைச் சேர்ந்த கோட்லோப் ஹொனோல்ட் உயர் மின்னழுத்த மெக்னீட்டோவை உருவாக்கினார். இன்று நாம் அறிந்த ஸ்பார்க் பிளக்கின் வாழ்வு அங்கிருந்து வேகம் பிடித்தது. சுழலும் தண்டில் ஒரு மேடு. அது ஒரு சிறு கையைத் தள்ளும். இரண்டு உலோக முனைகள் பிரியும். மின்னோட்டம் அறுபடும் அந்தக் கணத்தில் தீப்பொறி பிறக்கும். இந்த முனைகளைத்தான் நம் பட்டறைக்காரர்கள் பாயிண்ட் என்றார்கள். கணத்தை முதன்முதலில் தொட்டு உணர்ந்த உறுப்பு அதுவே.

இனி நம் நாட்டிற்கு வருவோம். ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் வண்டியை 1958ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜப்பானில் வெளியிட்டது. 49 சி.சி. கொண்ட சிறிய இயந்திரம். ஆயினும் நிமிடத்திற்கு 9,500 சுற்று வரை ஓடக்கூடியது. டைம்லரின் 600 எங்கே, இது எங்கே! அதே காலக்கட்டத்தில் பினாங்கின் லோ பூன் சியூ ஹோண்டாவின் விநியோக உரிமையைப் பெற்றார். சீனாவிலிருந்து பன்னிரண்டு வயதில் வந்து, வாகனப் பட்டறையில் எடுபிடியாகத் தொடங்கியவர் அவர். பள்ளிப் படிப்பே இல்லாதவர். கப் என்ற பெயரோடு, சிறியது என்று பொருள்படும் சீனச் சொல் ஒட்டிக் கப்சாய் பிறந்தது என்பர். இன்று எந்த நிறுவனத்தின் சிறிய மோட்டாராக இருந்தாலும் மலேசியர் வாயில் அது கப்சாய்தான்.

நான் தொடக்கப்பள்ளியில் பயின்ற 1980களின் இறுதியில் எங்கள் தோட்ட லயத்தில் மோட்டார் வைத்திருந்தவர்களில் பலரிடம் சி70 இருந்தது. அதன் பாயிண்டைச் சரிசெய்வது ஏறக்குறைய எல்லா ஆண்களுக்கும் தெரிந்த கலை. முனைகளின் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். அதை அளக்கும் தகடு எங்கள் லயத்தில் யாரிடமும் இல்லை. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளைக் கிழித்து முனைகளுக்கிடையே செருகுவார்கள். ஃபிளைவீலைக் கையால் மெல்லத் திருப்புவார்கள். தாள் பிடி விட்டு நழுவும் கணத்தில் ஃபிளைவீலில் வெட்டப்பட்டிருக்கும் ‘எஃப்’ என்ற குறி, இயந்திரக் கூட்டின் கோட்டிற்கு நேராக வர வேண்டும். வந்தால் சரி, வராவிட்டால் திருகைத் தளர்த்தி மீண்டும் ஒருமுறை. பால் வெட்டி முடித்து வந்த கைகள் அந்த வேலையைச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்கு அந்த எழுத்தின் பெயர் தெரியாது. ‘கொடி போட்ட கோடு’ என்பார்கள். எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் இயந்திரத்தைப் படித்தார்கள் என்பதை நம் சமூக வரலாற்றில் யாராவது பதிவு செய்திருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

பாயிண்டிற்கு ஒரு குறை உண்டு. அது தேயும். ஒவ்வொரு முறை பிரியும்போதும் சிறு பொறி முனையைக் கருக்கும். தள்ளும் கையும் மெல்ல மெல்லத் தேய்ந்து நேரத்தை நகர்த்திவிடும். மழைக்காலத்தில் ஈரம் வேறு. 1969ஆம் ஆண்டு மாடலாகக் கவாசாகி வெளியிட்ட எச்1 என்ற 500 சி.சி. வண்டியில் பாயிண்டுக்கு மாற்றாகச் சி.டி.ஐ. என்னும் மின்னணு முறை வந்தது. ஒரு மின்தேக்கியில் சில நூறு வோல்ட் மின்சாரத்தைத் தேக்கி வைத்துக்கொண்டு, சைகை கிடைத்ததும் ஒரே மூச்சில் பற்றவைப்புச் சுருளுக்குள் கொட்டிவிடுவதே அந்த முறை. அமெரிக்கச் சந்தைக்கான சி70 வண்டியில் 1982இல் 12 வோல்ட் மின்சாரமும் சி.டி.ஐ.யும் வந்துவிட்டன. நம் நாட்டின் புகழ்பெற்ற ஈஎக்ஸ்5 சி.டி.ஐ.யுடன் வளர்ந்த வண்டி. 1996இல் கெடா மாநிலத்தின் குருண் நகரில் தயாரிக்கத் தொடங்கப்பட்ட மொடேனாஸ் கிரிஸ்ஸும் அவ்வாறே.

சைகை தருவது யார்? அங்கேதான் நம் கதாநாயகர் வருகிறார். மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த தூண்டல் விதியைத் தவிர அதற்குள் வேறொன்றும் இல்லை. ஒரு சிறு காந்தம். அதனோடு முடியைப் போன்ற செப்புக் கம்பியால் சுற்றிய சுருள். ஃபிளைவீலின் வெளிவிளிம்பில் ஓர் இரும்பு மேடு. அந்த மேடு சுருளைத் தொடாமல் எதிரே கடக்கும்போது காந்தப்புலம் குலுங்கும். சுருளில் ஒரு சிறு மின்துடிப்பு எழும். அத்துடிப்பே சைகை. தொடுவது நின்று உணர்வது தொடங்கியது. உரசல் இல்லாததால் தேய்மானமும் இல்லை. ஆகவே பாயிண்டைச் சரிசெய்யும் கலை பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குள் நம்மிடமிருந்து மறைந்து போனது. இதில் வருந்த என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மழைக்காலக் காலைகளை நினைத்தால் எனக்கும் பெரிய வருத்தமில்லை. ஆனால் கலையோடு சேர்த்து இயந்திரத்தைக் கேள்வி கேட்கும் பழக்கமும் போய்விட்டது. அதுதான் உறுத்துகிறது.

என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை பழைய ஈஎக்ஸ்5 வைத்திருந்தார். இரவில் காவல் பணி. காலையில் இரு பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு இன்னொரு வேலை. வண்டி இருபது நிமிடம் ஓடும், திடீரென நிற்கும், அரை மணி கழித்து ஒரே உதையில் கிளம்பும். ஒரு பட்டறையில் பிளக்கை மாற்றினார்கள். பிறகு கார்புரேட்டரைக் கழுவினார்கள். பிறகு சி.டி.ஐ. பெட்டியை மாற்றினார்கள். பிறகு பற்றவைப்புச் சுருளையும் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் வண்டி ஆறியபின் ஓட்டிக் காட்டி, “சரியாகிவிட்டது” என்று அனுப்பினார்கள். இரண்டு மாதங்களில் அவர் செலவிட்ட தொகை வீட்டு வாடகையைத் தொட்டது. தாமதப் பதிவேட்டில் அந்தப் பிள்ளைகளின் பெயர்கள் ஏறிக்கொண்டே இருந்தன. காரணம் கேட்டபோதுதான் இந்தக் கதை வெளிவந்தது.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்த காலத்தில் நானும் பழைய கப்சாய் ஒன்றில்தான் அலைந்தேன். அந்த அனுபவம் ஓரளவு இருந்தது. சனிக்கிழமை ஒன்றில் வண்டியை நிற்கும்வரை ஓடவிட்டோம். நின்றதும் பிளக்கைக் கழற்றி அதன் தொப்பியில் மாட்டி, உலோக உடலை இயந்திரத் தலையோடு சேர்த்து வைத்து உதைத்தோம். பொறி இல்லை. எரிபொருள் தடைப்பட்டிருந்தால் வண்டி நிற்கும். ஆனால் பொறி வந்துகொண்டுதான் இருக்கும். ஆக, கார்புரேட்டர் குற்றமற்றது. அடுத்துச் சி.டி.ஐ. பெட்டிக்குச் செல்லும் கறுப்பு வெள்ளைக் கம்பியைப் பிரித்தோம். இயந்திரத்தை அணைக்கும் கட்டளை வரும் வழி அது. சாவித் துவாரத்தில் கோளாறு என்றால் அதைப் பிரித்ததும் பொறி திரும்ப வேண்டும். திரும்பவில்லை.

பிறகு மின்னளவியை எடுத்தோம். நீலத்தில் மஞ்சள் கோடு போட்ட கம்பி பல்சரிலிருந்து வருவது. அதற்கும் பச்சை நிலக்கம்பிக்கும் இடையே மின்தடையைப் பார்த்தால், முள் அசையவே இல்லை. எங்கோ சுற்று அறுந்திருக்கிறது. அப்படியே அளவியை மாட்டி வைத்துவிட்டுத் தேநீர் குடித்தோம். ஏறத்தாழ அரை மணியில் முள் துள்ளி எழுந்து நூறு ஓமுக்குச் சற்று மேலே நின்றது. அந்தத் தந்தையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! இரண்டு மாதப் புதிர் ஒரு முள்ளின் அசைவில் அவிழ்ந்தது.

செப்பின் மின்தடை சூட்டில் கூடுவது இயல்பு. ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 0.4 விழுக்காடு. முப்பது பாகையில் 100 ஓம் காட்டுவது நூறு பாகையில் 127 ஓம் அளவில் காட்டலாம். அது நோயன்று. முடிபோன்ற கம்பி உள்ளே எங்கோ விரிசல் கண்டு, குளிர்ந்திருக்கையில் முனைகள் ஒட்டியும், சூட்டில் விரிந்து விலகியும் நிற்பதே நோய். ஆறிய வண்டியைச் சோதிப்பவருக்கு அது ஒருபோதும் அகப்படாது. பட்டறையில் நடந்ததும் அதுவே. அவர்களையும் முழுவதாகக் குறைகூற எனக்கு மனமில்லை. வரிசையில் பத்து வண்டிகள் நிற்கும்போது அரை மணி நேரம் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க யாரால் முடியும்? ஆனால் மாற்றிய ஒவ்வொரு பாகத்திற்கும் பணம் கொடுத்தவர் அவரல்லவா?

மாற்றுவது எளிது. இடப்பக்க மூடியைத் திறந்து, பல்சரைப் பிடித்திருந்த இரண்டு திருகாணிகளைக் கழற்றினோம். ஆண்டுக்கணக்கில் இறுகியிருந்தவை, சுத்தியலால் தட்டித் திருப்பும் திருப்புளி இல்லாமல் அசையவில்லை. புதியதைப் பொருத்தி, கம்பியைப் பழைய வழியிலேயே ரப்பர் அடைப்பின் ஊடாகக் கொண்டுவந்தோம். ஃபிளைவீலில் கம்பி உரசினால் அடுத்த மாதமே மீண்டும் இதே வேலை. மேட்டுக்கும் பல்சருக்கும் இடையே மயிரிழை போன்ற வெளி இருப்பதைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகே மூடியைப் பூட்டினோம். அந்தத் திங்கட்கிழமை முதல் தாமதப் பதிவேட்டில் அப்பெயர்கள் இல்லை.

கதை இத்தோடு நிற்கவில்லை. 1982இல் ஹோண்டாவின் சி.எக்ஸ்.500 டர்போ போன்ற பெரிய வண்டிகளில் இருந்த மின்னணு எரிபொருள் தெளிப்பு முறை, 2000களில் சிறிய வண்டிகளுக்கும் இறங்கி வந்தது. இன்றைய கப்சாயில் தண்டின் நிலையை மட்டுமன்று, வெப்பம், காற்றழுத்தம், முடுக்கியின் திறப்பு, புகையில் எஞ்சிய ஆக்சிஜன் ஆகியவற்றையும் உணரிகள் கவனிக்கின்றன. ஒரு மேடு இருந்த ஃபிளைவீலில் இப்போது பல மேடுகள். கோளாறு வந்தால் விளக்குக் கண் சிமிட்டும். ஹோண்டா வண்டிகளில் ஏழு முறை சிமிட்டினால் வெப்ப உணரியின் சுற்று. எட்டு என்றால் முடுக்கி உணரியின் சுற்று. சுற்று என்று சொல்வதைக் கவனியுங்கள். உணரிதான் கெட்டது என்று விளக்குச் சொல்வதில்லை. எலி கடித்த கம்பிக்கும் துருப்பிடித்த இணைப்புக்கும் அதே ஏழு சிமிட்டல்தான். உடனே புதிய உணரி வாங்க ஓடும் முன் இணைப்பைப் பிரித்துப் பார்த்து, கம்பியை அளந்து பார்ப்பது பெற்றோரின் பணப்பைக்கு நல்லது.

கழற்றிய பழைய பல்சரை அந்தத் தந்தை எனக்கே கொடுத்துவிட்டார். அறிவியல் அறையில், முள் அளவியோடு இணைத்து வைத்திருக்கிறேன். மாணவர்கள் ஓர் இரும்பு ஆணியை அதன் முன்னால் விரைவாக வீசுவார்கள். முள் இலேசாகத் துடிக்கும். பிறகு கூந்தல் உலர்த்தியால் சில நிமிடங்கள் சூடேற்றி மீண்டும் வீசச் சொல்வேன். முள் அசையாது. “ஐயா, செத்துப்போச்சா?” என்று கேட்பார்கள். ஆறட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விடுவேன். மணி அடிப்பதற்குள் யாராவது ஒருவர் எழுந்து சென்று மீண்டும் ஆணியை வீசிப் பார்க்காமல் இருந்ததே இல்லை.