கல்கத்தாப் பேனாவும் ராஜாஜியின் வரியும்

சென்ற மாதம் கல்கத்தாவிலிருந்து ஒரு பேனா தருவித்தேன். கடைக்கு நான் போகவில்லை. கைபேசியில் படத்தைப் பார்த்தேன், பணத்தைக் கட்டினேன், நாலாம் நாள் பொட்டலம் வாசலில் வந்து இறங்கிவிட்டது. பேனா நன்றாகத்தான் எழுதுகிறது. ஆனால் என்னை யோசிக்க வைத்தது கூட வந்த ரசீதுதான். எங்கள் தெருமுனை அண்ணாச்சி கடை ரசீதில் வரி இரண்டாகப் பிரிந்திருக்கும்; மத்திய சர்க்காருக்குப் பாதி, மாநிலத்துக்குப் பாதி. கல்கத்தா ரசீதிலோ ஒரே தொகை. அப்படியானால் அந்தப் பணத்தில் மாநிலப் பங்கு யாருக்கு? விற்றவர் இருக்கும் வங்காளத்துக்கா, வாங்கிய நான் இருக்கும் தமிழ்நாட்டுக்கா?

இந்தக் கேள்வி கைபேசியோடு பிறந்ததல்ல. அதன் கதை நம்முடைய சென்னை ராஜதானியில் ஆரம்பிக்கிறது.

1937-ல் ராஜாஜி ராஜதானியின் பிரதமரானார். அந்நாளில் முதன் மந்திரிக்கு அதுதான் பட்டம். அவ்வருஷம் அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. கள்ளுக்கடை மூடினால் குடியானவன் வீட்டில் அடுப்பு எரியும், வாஸ்தவம்தான். ஆனால் சர்க்கார் கஜானாவில் துண்டு விழுமே! அதை ஈடுகட்ட ராஜாஜி கண்ட வழிதான் 1939-ம் வருஷத்துப் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவில் எல்லாச் சரக்குக்கும் பொதுவாக விதிக்கப்பட்ட முதல் விற்பனை வரி அது. வருஷத்துக்குப் பதினாயிரம் ரூபாய்க்குக் குறைவாக விற்பவனுக்கு வரி இல்லை. இருபதாயிரம் வரை மாதம் ஐந்து ரூபாய். அதற்கு மேல் நூற்றுக்கு அரை ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் சரக்கு கைமாறும்போதெல்லாம் அந்த அரை ரூபாயும் கூடவே ஏறிக்கொண்டு வந்தது. ருசி கண்ட மற்ற மாகாணங்களும் பின்தொடர்ந்தன.

ஊருக்குள் விற்றவரை தொல்லையில்லை. சரக்கு எல்லை தாண்டியபோதுதான் தகராறு மூண்டது. கல்கத்தாவை அடுத்த பாராநகரில் பெங்கால் இம்யூனிட்டி என்ற மருந்துக் கம்பெனி இருந்தது. சீரம், தடுப்பு மருந்து முதலியவற்றை ரயிலிலும் ஸ்டீமரிலும் விமானத்திலும் பீகாருக்கு அனுப்பி வந்தது. பீகாரில் அதற்கு ஆபீஸ் இல்லை, கிடங்கு இல்லை, ஏஜெண்டும் இல்லை. இருந்தும் பீகார் சர்க்கார், "சரக்கு வந்து சேர்ந்தது எங்கள் மண்ணில், வரியைக் கட்டு" என்றது. வழக்கு ஸுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. வாங்கும் மாநிலம் வரி போடலாம் என்று 1953-ல் வேறொரு வழக்கில் சொல்லியிருந்த அதே கோர்ட்டு, 1955-ல் நாலு நீதிபதிகள் ஒரு பக்கம், மூவர் மறு பக்கமாகப் பிரிந்து, போடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 1956-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, மத்திய விற்பனை வரிச் சட்டமும் கொண்டுவந்தார்கள். அதன்படி, சரக்கு புறப்படும் மாநிலத்துக்கே வரி சேர்ந்தது. அறுபது வருஷம் இந்த ஏற்பாடு நடந்தது.

அமெரிக்காவிலும் இதே சண்டைதான். மாநிலத்தில் கடையோ ஆளோ இல்லாத தபால் வியாபாரியை வரி வசூலிக்கச் சொல்லக்கூடாது என்று 1967-லும் 1992-லும் அங்கே தீர்ப்பாயிற்று. 2018-ல்தான், இணைய வியாபாரம் மலைபோல் வளர்ந்த பிறகு, ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பு புரண்டது. அதுவரை வரியை வசூலித்துக் கட்டியவர் உள்ளூர்க் கடைக்காரர். வெளியூர்க்காரருக்கு அந்தப் பொறுப்பு இல்லாதிருந்தது.

இங்கே 2017 ஜூலை முதல் தேதி வந்த சரக்கு-சேவை வரி கதையைத் தலைகீழாக்கிவிட்டது. வாங்குபவர் இருக்கும் மாநிலத்துக்கே மாநிலப் பங்கு. ஆக, என் பேனா தமிழ்நாட்டுக்குத்தான் வரி கட்டியிருக்கிறது. பழைய விற்பனை வரிக்கு எட்டாத சேவைகளும் இந்த வலையில் விழுந்தன. கைபேசியில் இட்லி தருவித்தால், 2022 ஜனவரியிலிருந்து அதன் வரியை ஹோட்டல்காரர் கட்டுவதில்லை. ஆர்டர் வாங்கிக்கொண்ட கம்பெனிதான் கட்ட வேண்டும்.

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் உற்சாகமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அவங்களுக்கும் வரி உண்டு, எங்களுக்கும் வரி உண்டு, சரிதான் சார். தெருமுனை வாடகை எங்களுக்கு மட்டுந்தானே?" என்றார். எந்தச் சட்டத்தைக் காட்டி நான் பதில் சொல்வேன்? அடுத்த பேனாவை அவரிடமே வாங்குவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

ராஜாஜியின் வரிக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அந்த வம்சம் அடியோடு அற்றுவிடவில்லை. 1971-ல் தமிழ்நாட்டில் மதுவிலக்குத் தளர்ந்தது. 2003 முதல் சில்லறைக் கடைகளைச் சர்க்காரே நடத்துகிறது. புதிய வரிக்கு உட்படாமல் விற்பனை வரி நிலைத்திருக்கும் சரக்குகள் சிலவே. பெட்ரோல் அவற்றில் ஒன்று. இன்னொன்று மது.

கள்ளுக்கடையை மூடுவதற்காகப் பிறந்த வரி, இன்று சாராயக் கடையில் உட்கார்ந்து வசூல் செய்துகொண்டிருக்கிறது.