பெங்களூர்: இரண்டு நகரசபைகளும் ஒரு குழாயும்

பெங்களூரின் உள்ளாட்சி வரலாற்றை 1862இல் தொடங்குவது வழக்கம். அவ்வாண்டில், 1850ஆம் ஆண்டின் 26ஆம் சட்டப்படி, இரண்டு நகரசபைகள் தோன்றின: பழைய பேட்டைக்கு ஒன்று, 1809இல் ஆங்கிலேயர் நிறுவிய கண்டோன்மெண்டுக்கு, அதாவது மக்கள் பேச்சில் ‘தண்டு’ப் பகுதிக்கு, மற்றொன்று. 1881இல் மைசூர் ஆட்சி உடையார்களிடம் மீண்டபோதும் தண்டு மட்டும் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் கீழேயே நின்றது. கப்பன் பூங்காவுக்கு மேற்கே வாழ்ந்தோர் மன்னரின் குடிகள். கிழக்கே அல்சூரிலும் பிளாக்பள்ளியிலும் வாழ்ந்த தமிழரோ வேறோர் ஆட்சிக்கு உட்பட்டோர்.

இப்பிளவு தண்ணீரில் தெளிவாகத் தெரிந்தது. பேட்டை தர்மாம்புதி போன்ற ஏரிகளையும் கிணறுகளையும் நம்பியிருந்தது. தண்டுக்கு அல்சூர் ஏரி இருந்தது, 1882இல் சாங்கி ஏரியும் வெட்டப்பட்டது. 1890களில் அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா ஏரியிலிருந்து நீராவி எந்திரங்களின் துணையால் குழாய்நீர் வந்தது. ஆட்சி இரண்டாயினும் நீருக்கு ஆதாரம் ஒன்றானது. மழை பொய்த்தால் அவ்வேரியும் வறண்டது. எனவே 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் எழுந்தது.

இடையில் 1898இல் பிளேக் நோய் பரவியது. பேட்டையின் நெருக்கத்திற்கு மாற்றாக பசவனகுடியும் மல்லேஸ்வரமும் நேர்த்தெருக்களோடும், கழிவகற்றுவோருக்கென வீடுகளின் பின்புறம் விடப்பட்ட சந்துகளோடும் அமைக்கப்பட்டன. நகராட்சியின் சுகாதாரப் பணி யாருடைய உடலுழைப்பின்மேல் நின்றது என்பதற்கு அச்சந்துகளே சான்று. நகர வரலாறுகள் 1905இல் எரிந்த மின்விளக்குகளைப் பெருமையோடு குறிக்கின்றன. இச்சந்துகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

விடுதலைக்குச் சற்று முன் தண்டு மைசூருக்குத் திரும்பியது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் இரு நகரசபைகளையும் ஒரே மாநகராட்சியாக இணைத்தது. பிளவு தீர்ந்துவிட்டதுபோல் தோன்றினாலும் அது வேறு வடிவில் தொடர்ந்தது. 1964இல் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்திடம் சென்றன. 1976இல் நகரத் திட்டமிடல் பெங்களூர் வளர்ச்சி ஆணையத்திற்குரியதாயிற்று. இரண்டின் தலைவரையும் நியமிப்பது மாநில அரசு. தொழில்நுட்ப நோக்கில் இதற்கு நியாயம் உண்டு: ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்திற்குக் காவிரியை ஏற்றுவது வார்டு உறுப்பினரின் வேலையன்று. 1974இல் முதற்கட்டக் காவிரிநீரைக் கொணர்ந்ததும் அவ்வாரியமே. ஆயினும் குழாய் வறண்டால் மக்கள் சென்று கேட்டது வார்டு உறுப்பினரையே. அவர் கையில் எஞ்சியவை குப்பை, தெருவிளக்கு, சாலை முதலியனவே. பெங்களூரின் நீர்ச்சிக்கலை மக்கள்தொகைப் பெருக்கத்தால் மட்டும் விளக்குவோர் பொறுப்பும் அதிகாரமும் இவ்வாறு பிரிந்ததைக் கணக்கில் கொள்வதில்லை.

2007இல் ஏழு நகரசபைகளும் ஒரு புரசபையும் 110 கிராமங்களும் சேர்க்கப்பட்டு பிருஹத் பெங்களூரு மகாநகர பாலிகே உருவாயிற்று. 198 வார்டுகளுக்கு 2010இலும் 2015இலும் தேர்தல் நடந்தது. இரண்டாம் மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தபின், அரசு நியமித்த நிர்வாகி ஆண்டார். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, புறநகர்த் தெருக்களில் மக்கள் டேங்கர் லாரிக்குக் காத்துக்கிடந்தபோது முறையிட வார்டு உறுப்பினரும் இல்லை. 110 கிராமங்களுக்கென வகுக்கப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கப்பட்டது அவ்வாண்டு அக்டோபரில். அவை நகரோடு சேர்க்கப்பட்டு அப்போது 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.