சுருதி மட்டும் கேட்கும் மைக்: கரோக்கி ரெவல்யூஷன் வால்யூம் 2

இன்னிக்கு 2004-ஆம் வருஷத்துக்குப் போவோம். அந்த ஜூலை மாசம் அமெரிக்காவுல பிளேஸ்டேஷன் 2-க்கு ஒரு கேம் வந்தது. பேரு 'கரோக்கி ரெவல்யூஷன் வால்யூம் 2'. முதல் பாகம் வந்து எட்டு மாசம்தான் ஆகியிருந்தது. மைக்கைப் பிடிச்சுப் பாடணும், திரையில இருக்கிற கூட்டம் ரசிக்கும், இல்லேன்னா கூச்சல் போடும். இதெல்லாம் முதல் பாகத்துலயே இருந்ததுதான். புதுசா வந்தது முக்கியமா பாட்டுகள்.

அப்புறம் எதுக்கு இதைப் பற்றிப் பேசணும்? அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

இதை உருவாக்கினது ஹார்மோனிக்ஸ். எம்.ஐ.டி. மீடியா லேப்ல இருந்து வந்த அலெக்ஸ் ரிகோபுலோஸ், எரன் எகோசி ரெண்டு பேரும் 1995-ல் தொடங்கின நிறுவனம். வாத்தியம் கத்துக்காதவங்களுக்கும் இசை வாசிக்கிற சந்தோஷம் கிடைக்கணும், இதுதான் அவங்க நோக்கம். 2001-ல் 'ஃப்ரீக்வென்சி', 2003-ல் 'ஆம்ப்ளிட்யூட்'னு ரெண்டு கேம் செஞ்சாங்க. விமர்சகர்கள் பாராட்டினாங்க, விற்பனைதான் சரியில்லை. பட்டனை அழுத்தி இசை வாசிக்கிறதுன்னா என்னன்னு கடையில வந்து நிற்கிறவருக்கு விளக்குறது கஷ்டம். பாட்டுப் பாடுறதுக்கு விளக்கமே தேவையில்லை, இல்லையா? ஜப்பானின் கொனாமி வெளியிட, 2003 நவம்பர்ல முதல் பாகம் வந்தது.

கேம் எப்படி மார்க் போடுது? நம்ம குரல் விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று கணக்கிடுகிறது. திரையில் ஓடும் கோடுகளோடு அதை ஒப்பிடுகிறது. ஒருத்தர் 440 அதிர்வில் பாடுற ஸ்வரத்தை இன்னொருத்தர் 220-ல் பாடினாலும் சரிதான். ஸ்வரம் ஒண்ணு, ஸ்தாயி மட்டும் வேற. சுருதியும் காலமும் சரியா இருந்தா போதும். வார்த்தையை அது கேட்பதே இல்லை! வரி மறந்துபோய் 'ம்ம்ம்'னு முனகினாலும் மார்க் உண்டு. ஆனா நல்லாப் பாடுறவர் சொந்தமா ஒரு சங்கதி போட்டு கோட்டை விட்டு விலகினா, மார்க் போயிடும்.

இங்கதான் ஒரு முரண். 1971-ல் கோபே நகரத்துல தைசுகே இனோவே கரோக்கி இயந்திரம் செஞ்சார். அவர் பின்னணி வாசிக்கிற கலைஞர். அவரால கூட வர முடியாத ஒரு பயணத்துக்கு, தன் வாடிக்கையாளருக்கு ஏத்த மாதிரி இசையைப் பதிவு செஞ்சு கொடுத்தார். அந்த யோசனைதான் இயந்திரமா மாறியது. அதாவது, கரோக்கி பாடகருக்காக வளைஞ்சு கொடுத்தது. கேம்ல பாடகர்தான் கோட்டுக்காக வளையணும். இதே 2004-ல்தான் இனோவேவுக்கு இக் நோபல் அமைதிப் பரிசு கிடைச்சது. மனுஷங்க ஒருத்தரை ஒருத்தர் சகிச்சுக்க வழி காட்டினாராம்!

அதுக்காக கேமைக் குறை சொல்லிட முடியாது. 'உனக்குப் பாட்டு வராது'ங்கிற பேச்சைக் கேட்டே வளர்ந்த ஒருத்தருக்கு, எங்க சுருதி இறங்குது, எங்க ஏறுதுன்னு இது கேலி செய்யாம காட்டுது. ஆனா அவர் முதல்ல கேட்கிற கேள்வி: 'என் பாட்டு இதுல இருக்கா?' வால்யூம் 2 அதுக்கான பதில்தான். ஒரு டிஸ்க்ல எத்தனை பாட்டுதான் வைக்க முடியும்? அதே வருஷம் நவம்பர்ல வால்யூம் 3, இருவர் சேர்ந்து பாடும் வசதியோடு வந்தது. 2005-ல் ஹார்மோனிக்ஸ் 'கிட்டார் ஹீரோ' செஞ்சது. 2007-ல் 'ராக் பேண்ட்' வந்தப்போ மைக் திரும்பி வந்தது. கூடவே வாராவாரம் புதுப் பாட்டுகளை வாங்கி இறக்கிக்கிற கடையும் வந்தது.

வால்யூம் போட்டுத் தீர்க்க முடியாத கேள்விக்கு அந்தக் கடைதான் வழி. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.